இருபத்து நான்கு சென்டிமீட்டர்

கடல் உறைந்தால்
ஹீயுமா தீவுக்கும் எஸ்தோனியக் கரைக்கும் நடுவில்
இருபத்தாறு கிலோமீட்டருக்கு ஒரு சாலை முளைக்கும்.
அதில் போகிறவர் சீட் பெல்ட் போடக் கூடாது.
சட்டமே அதுதான்.
பனி விட்டுக்கொடுத்தால் கதவைத் திறந்து குதிக்க வேண்டுமே.

திறப்பதும் மூடுவதும் எண்டெல் கூஸ்க்.
விடியுமுன் துளைக்கருவியோடு போய்
ஓட்டை போட்டு, கோலை இறக்கி,
நோட்டில் எழுதுவார்:
இருபத்து நான்கு. இருபத்து நான்கு. இருபத்து மூன்று.
"நான் நம்புவது இதை மட்டும்தான், போதகரம்மா."
மறுப்பேனா?
ஞாயிறுதோறும் என் ஆலயத்துக்கு வரும் ஒன்பது பேரில்
நாலு பேர் அந்த எண்ணின்மேல்தான் ஓட்டி வருகிறார்கள்.

வந்த புதிதில் அவரிடம்
"நீங்கள் மறுக்கிற கடவுளை நானும் நம்புவதில்லை" என்றேன்,
இறையியல் கல்லூரியில் வாங்கிவந்த வாக்கியம்.
"உங்களுக்கு முன்னால் இருந்தவரும் இதையே சொன்னார்.
அவருக்கு முன்னால் இருந்தவரும்.
எல்லோருக்கும் ஒரே கடையிலா தைக்கிறார்கள்?"

அவர் மனைவி ஹெல்வே
மூன்றாம் பெஞ்சில், வலது ஓரம்.
அவர் வெளியே காரில்,
எஞ்சினை ஓடவிட்டு, குறுக்கெழுத்து போட்டபடி.

பிப்ரவரியில் ஹெல்வே
ஹாப்சலு மருத்துவமனையில் இறந்தாள்.
பெட்டியை வேனில் ஏற்றிப்
பனிமேல் கொண்டுவந்தோம்.
அவர் ஓட்டினார். நான் பக்கத்தில்.
இருவருக்கும் பெல்ட் இல்லை.

"அங்கே பொய் சொல்லாதீர்கள்.
நல்ல இடத்தில் இருக்கிறாள், சிரிக்கிறாள்,
அதெல்லாம் வேண்டாம்.
அளந்ததை மட்டும் சொல்லுங்கள்."

என் கோட்டுப் பையில் நாலு பக்கப் பிரசங்கம்.
ஒவ்வொரு வரியாய் மனசுக்குள் துளை போட்டுப் பார்த்தேன்.
இரண்டு சென்டிமீட்டர். மூன்று.
தேவதூதர்களைப் பற்றி எழுதியிருந்த பத்தியில்
ஒரு பூனைகூட நிற்காது.

மிஞ்சியது ஒன்று.
ஆணியில் தொங்கிய ஒரு மனுஷன்
எங்கே போனீர் என்று வானத்தைக் கேட்டது.
வானம் வாய் திறக்காதது.
"அவரைத்தான் கும்பிடுகிறேன்" என்றேன்.
"கடவுளைக் காணோம் என்று
கடவுளே கதறிய அந்த மதியம்.
நீங்கள் நிற்கிற இடத்தில் அவர் நின்றிருக்கிறார்.
என் பாரத்தை அங்கேதான் வைக்கிறேன்."

"அதற்கு மூன்றாம் நாள்?"

"அதை நான் அளக்கவில்லை.
அளந்தோம் என்றார்கள் சிலர்.
காயத்தில் விரல் விட்டால்தான் என்று
அடம்பிடித்தவன் ஒருவன்.
அவனை யாரும் வெளியே தள்ளவில்லை, எண்டெல்,
காயத்தைக் காட்டினார்கள்.
உங்கள் நோட்டை நம்புகிற மாதிரி
அவர்கள் நோட்டை நம்புகிறேன்."

"நான் தினமும் போய் மறுபடி துளைக்கிறேன்."

"நானும்தான்."

அதற்குமேல் பேச்சில்லை.
வழிகாட்ட நட்டிருந்த ஜூனிப்பர் கிளைகள்
ஒவ்வொன்றாய்ப் பின்னால் போயின.
டயருக்குக் கீழே எங்கோ ஒரு விரிசல்
நீளமாக முனகியது. அவர் வேகத்தை மாற்றவில்லை.

முதல் நாளே நெருப்பு மூட்டி
மண்ணை இளக்கி வைத்திருந்தார்கள்.
மூன்று தடவை மணல் போட்டார்.
பிரசங்கத்தை நான் எடுக்கவே இல்லை. சொன்னது ஐந்து வாக்கியம்.
ஜெபத்தின்போது அவர் உதடு அசையவில்லை.
ஆனால் மைனஸ் பதினெட்டில்
தொப்பியைக் கழற்றியவர்
ஆமென் வரைக்கும் போடவில்லை.
காதுகள் செக்கச்செவேலென்று ஆகிவிட்டன.
இதற்கு நான் ஒரு அர்த்தமும் எழுதப் போவதில்லை.

அடுத்த ஞாயிறு.
மூன்றாம் பெஞ்சு, வலது ஓரம், காலி.
இடையில் ஜன்னல் வழியே பார்த்தேன்:
வாசலில் அதே கார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
கூட்டிப்போக ஆளில்லாத கார்.

ஆராதனை முடிந்து கிட்டே போனதும்
கண்ணாடியை இறக்கினார்.
மடியில் குறுக்கெழுத்து, ஒரு கட்டம்கூட நிரம்பாமல்.

"பத்தொன்பதுதான். சாலையை மூடிவிட்டேன்.
உங்கள் கரைக்காரர்கள் நாலு பேரும்
ராத்திரி என் வீட்டில் படுக்கட்டும்.
ஹெல்வேயின் போர்வைகள் இருக்கின்றன."